பாட்டி 98 வயது வரை இருந்தார். அந்த நீண்ட ஆயுள் எனக்கும் வருமா? மரபணுவும் ஹார்மோனும் எவ்வளவு காரணம்?

"உனக்கென்ன, பாட்டி ரத்தம்" என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பத்தா 97 வயதில் போனார். 93இல்கூடத் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவார். ஒரு பழுத்த இலை அவர் கைக்குத் தப்பாது. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. அவர் பெற்ற என் அப்பா 58இல் மாரடைப்பில் போய்விட்டார். ரத்தப் பரிசோதனைச் சீட்டை நாலாக மடித்து நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 286. மாத்திரை போடச் சொன்னால், "எங்க ஆத்தா உடம்புடா இது" என்பார். மகனை அனுப்பிவிட்டு அப்பத்தா இன்னும் நாலு வருஷம் இருந்தார்.

மரபணுவில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் நடந்த ஆய்வில், ஃபாக்ஸோ3 மரபணுவின் ஒரு வகை நீண்ட ஆயுள்காரர்களிடம் அதிகம் இருப்பது 2008இல் தெரிந்தது. இன்சுலினும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனும் செல்லுக்கு 'வளர்' என்று சொல்லிக்கொண்டே இருப்பவை. அந்தச் சத்தம் அடங்கும்போதுதான் ஃபாக்ஸோ3 பழுதுபார்க்கும் வேலையில் இறங்கும். ஈக்வடாரில், வளர்ச்சி ஹார்மோனை உடல் ஏற்காததால் ஐஜிஎஃப்-1 குறைந்துபோன, உயரம் குறைந்த சுமார் நூறு பேரை 22 வருஷம் கவனித்தார்கள். சர்க்கரை நோய் ஒருவருக்கும் வரவில்லை. புற்றுநோய் ஒரே ஒருவருக்கு. அப்படியும் அவர்கள் சொந்தக்காரர்களைவிட அதிக காலம் வாழவில்லை. விபத்தும் குடியும் கொண்டுபோயின. இது தெரிந்த பிறகும் இளமை திரும்பும் என்று வளர்ச்சி ஹார்மோன் ஊசி விற்கிறார்களே, வயிறு எரிகிறது.

1996இல் வெளியான டென்மார்க் இரட்டையர் ஆய்வு, ஆயுள் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு கால்வாசி என்றது. அதைவிட அதிகம் என்பவர்களும் உண்டு. நூறு தாண்டியவர்களிடம் கூடுதல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பத்தாவுக்கு விரல் ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷினில் பதியவே இல்லை. மூன்று தடவை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போய், மூன்று தடவையும் வெறும் பையோடு திரும்பினோம். 95 வயது மனுஷியை இப்படியா அலைக்கழிப்பது?

நீங்கள் பாட்டியைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தாத்தா எத்தனை வயதில், எதனால் போனார் என்று விசாரியுங்கள். என் அப்பாவைப் பெற்ற அய்யா 46இல் நெஞ்சுவலியில் போனவர். பாதி உடம்பு அவருடையது என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.