வாசகர் கேள்வி – பதில்: பஸ்டர் கீட்டனின் படங்களை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பலரும் புகழ்ந்து எழுதியிருந்ததால், ஊமைப்படக் காலத்து அமெரிக்க நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' படத்தைப் பார்த்தேன். பிடித்திருந்தது, ஆனால் சாப்ளின் படங்களுக்குச் சிரித்ததுபோல் வாய்விட்டுச் சிரிப்பு வரவில்லை. முகத்தில் சலனமே இல்லாத ஒருவரை இத்தனை பெரிய நகைச்சுவைக் கலைஞராக ஏன் கொண்டாடுகிறார்கள்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சாப்ளினிடம் எதிர்பார்ப்பதையே கீட்டனிடமும் எதிர்பார்த்தால் இந்த ஏமாற்றம் வரத்தான் செய்யும். 'சிட்டி லைட்ஸ்' படம் எப்படி முடிகிறது என்று நினைத்துப் பாருங்கள்: கேமரா சாப்ளினின் முகத்தை நெருங்கிச் செல்கிறது, நம் கண் நிறைகிறது. கீட்டனின் கேமராவோ பெரும்பாலும் தள்ளியே நிற்கும். மனிதன், இயந்திரம், நிலம் ஆகிய மூன்றையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து, அவற்றுக்கு இடையே என்ன நடக்கிறது என்பதைப் பார்வையாளரே கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிடும். எனவே முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நகைச்சுவையில் பாதி கைநழுவிப் போகும்.

நீங்கள் பார்த்த படத்திலேயே பீரங்கிக் காட்சி இருக்கிறது. திருடப்பட்ட தன் ரயில் எஞ்சினைத் துரத்திச் செல்லும் நாயகன் ஜானி (கீட்டன்), பின்னால் இழுத்துவரும் பீரங்கியின் திரியைப் பற்றவைத்துவிட்டு எஞ்சினுக்குத் திரும்பும்போது கால் இணைப்புச் சங்கிலியில் சிக்கிக்கொள்கிறது. அந்தக் குலுக்கலில் பீரங்கியின் வாய் மெல்லத் தாழ்ந்து நேராக அவரையே குறிபார்க்கத் தொடங்குகிறது. அவர் பதறியடித்து எஞ்சினின் முன்பக்கத்துக்கு ஓடுகிறார். குண்டு வெடிக்கும் அந்தக் கணத்தில் தண்டவாளம் வளைகிறது, அவருடைய எஞ்சின் குறியிலிருந்து விலகிக்கொள்கிறது, குண்டு முன்னே போகும் எதிரிகளின் ரயிலருகே சென்று விழுகிறது. ஒரு மனிதனைத் தண்டவாளத்தின் வளைவு காப்பாற்றுவதுதான் இங்கே நகைச்சுவை. வளைவு, வேகம், தூரம் ஆகியவற்றைத் துல்லியமாகக் கணக்கிட்டவர்களால்தான் இதை எடுக்க முடியும். அந்தக் கணக்கைக் கண்ணால் தொடர்ந்து பார்க்கும்போது எழும் வியப்பு கலந்த சிரிப்பே கீட்டன் தருவது. வாய்விட்டுச் சிரிக்கவில்லை என்று வருந்த வேண்டாம்.

முகத்தைப் பற்றியும் ஒரு சொல். 1895இல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த கீட்டன், சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் மேடையேறியவர். தந்தை அவரை மேடையில் தூக்கியெறிவார். அதற்கு வசதியாகச் சட்டையில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். தாம் சிரித்தால் அவையோர் சிரிப்பது குறைகிறது, சிரிக்காவிட்டால் கூடுகிறது என்பதை அங்கேயே கற்றுக்கொண்டார். ஆனால் அந்த முகம் வெறுமையானதன்று. கண்களைக் கவனித்தால் யோசனை, சந்தேகம், காதல், பிடிவாதம் எல்லாம் அங்கே தெரியும்.

கேள்வி: எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 1920இல் வந்த 'ஒன் வீக்' என்ற குறும்படத்திலிருந்து தொடங்குங்கள். புதுமணத் தம்பதி, பகுதி பகுதியாகப் பெட்டிகளில் வரும் வீடொன்றைத் தாங்களே பொருத்துகிறார்கள். பொறாமைக்காரன் ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிடுகிறான். பிறகு 'ஷெர்லாக் ஜூனியர்' (1924). முக்கால் மணி நேரப் படம்தான். உறங்கிப்போன திரையரங்கு ஆபரேட்டர் கனவில் திரைக்குள்ளேயே நுழைந்துவிட, அவரைச் சுற்றியுள்ள இடம் மட்டும் தோட்டம், தெரு, மலைவிளிம்பு, சிங்கங்கள் நிற்கும் காடு, கடல், பனி என்று மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வோர் இடத்திலும் கேமராவுக்கும் கீட்டனுக்கும் உள்ள தூரத்தை அளந்து, முன்பு நின்ற நிலையிலேயே நின்று எடுத்தார்கள். கணினி வசதி எதுவும் இல்லாத நாளில் செய்யப்பட்ட இந்தக் காட்சி இன்றும் உறுத்தாமல் ஓடுகிறது.

பதிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஊமைப்படங்களின் வேகம் ஒரே சீராக இருந்ததில்லை. தவறான வேகத்தில் ஓட்டினால் எல்லாரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள். இசையும் பெரும்பாலும் பிற்காலத்தில் சேர்த்ததே என்பதால் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். முறையாகச் சீரமைத்த பதிப்பு கிடைத்தால் அதையே பாருங்கள். கைபேசியில் ஒரு நிமிடத் துணுக்குகளாகப் பார்ப்பவர்களுக்குச் சாகசம் தெரியும். அதற்கு முன்னால் பொறுமையாகப் போடப்பட்ட அடித்தளம் தெரியாது.

கேள்வி: அந்த ஆபத்தான காட்சிகளில் உண்மையிலேயே அவரே நடித்தாரா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் அவரேதான். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மேல் சாய, மாடி ஜன்னலின் திறப்பு மிகச் சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழுகிறது. சுற்றிலும் சில அங்குல இடைவெளிதான். 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ளியது. அப்போது கழுத்தெலும்பு முறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரியவந்தது.

கேள்வி: பேசும்படம் வந்ததும் அவருடைய காலம் முடிந்துவிட்டதா? (வாசகர், சென்னை)

பதில்: குரல் அவரைக் கைவிடவில்லை, அவருடைய முதல் பேசும்படங்கள் நல்ல வசூலைத்தான் தந்தன. 1928இல் சொந்தக் குழுவை விட்டு எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்தில் ஒப்பந்தமானதே வீழ்ச்சியின் தொடக்கம். படப்பிடிப்பிலேயே யோசித்து யோசித்து உருவாக்கும் அவருடைய முறைக்கு, முன்கூட்டியே எழுதி முடித்த திரைக்கதையும் மேலதிகாரிகளின் ஒப்புதலும் ஒத்துவரவில்லை. குடிப்பழக்கமும் குடும்பச் சிக்கலும் சேர்ந்துகொண்டன. 1933இல் நிறுவனம் அவரை நீக்கியது.

கேள்வி: 'தி ஜெனரல்' படத்தின் நாயகன், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் பக்கம் நிற்கிறான். இதை எப்படி ரசிப்பது? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நியாயமான கேள்வி. 1862இல் வட மாநிலப் படையினர் ஓர் எஞ்சினைக் கடத்திய உண்மை நிகழ்ச்சியே கதை. அதைப் பதிவு செய்தவரும் அக்குழுவிலிருந்த வட மாநில வீரர்தான். தோற்றுப்போன தெற்கை வில்லனாகக் காட்டினால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று எண்ணிய கீட்டன் பக்கத்தை மாற்றிக்கொண்டார். அடிமைமுறை பற்றிப் படம் வாயே திறப்பதில்லை. அது படத்தின் உண்மையான குறை. ரயில் காட்சிகளின் அழகு அதை ஈடுசெய்துவிட்டதாக நான் கருதவில்லை. 'காலேஜ்' (1927) படத்தில் அவர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிப் பரிமாறுபவராக வரும் காட்சியை இன்று பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. இவற்றை மறைக்காமல் சொல்லிவிட்டே அவருடைய கலையைப் பேச வேண்டும்.

கேள்வி: சாப்ளினும் கீட்டனும் சேர்ந்து நடித்திருக்கிறார்களா? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: ஒரு படத்தில். சாப்ளின் இயக்கிய 'லைம்லைட்' (1952). சாப்ளின் வயலின் வாசிக்க வருகிறார், கீட்டன் பியானோவில் அமர்கிறார். இசைத்தாள்கள் நில்லாமல் சரிந்துகொண்டே இருக்கின்றன. சில நிமிடக் காட்சிதான் என்றாலும், முதல் கேள்விக்குச் சொன்ன வேறுபாட்டை அங்கே இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.