மெமோ வந்தா வேலை போயிடுமா? பி.எட் படிக்கிற பொண்ணோட அம்மாவுக்கு ஒரு பதில்

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ் ரெண்டு தடவ கேட்டேன். பாப்பா பி.எட் ரெண்டாவது வருஷம், கூடவே டெட்டுக்கும் (ஆசிரியர் தகுதித் தேர்வு) படிச்சிட்டு இருக்கா, இந்த நேரம் பாத்து தாய்மாமன் வந்து "எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்கள சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, கவர்மெண்ட் டீச்சர் வேலையில இப்பல்லாம் எப்ப தலை போகும்னே தெரியல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு, உங்களுக்குத் தூக்கம் போச்சு, பேங்க் எக்ஸாமுக்கு மாத்தி விட்டுடலாமான்னு கேக்கறீங்க. மாத்த வேணாம்க்கா. மாமன் பொய் சொல்லல, ஆனா பாதிதான் சொல்லிருக்காரு.

சஸ்பெண்ட் வேற, வேலைய விட்டு எடுக்கறது வேற. நம்ம ஊர் பேப்பர்ல "தற்காலிக பணிநீக்கம்"னு போடறதால "நீக்கம்"ங்கற வார்த்தைய பாத்ததுமே வயிறு கலங்குது. அது விசாரணை முடியற வரைக்கும் ஆளை ஒதுக்கி வைக்கறது, அவ்ளோதான். அந்தக் காலத்துல முழு சம்பளம் வராது, பிழைப்பூதியம்னு ஆரம்பத்துல ஏறக்குறைய பாதி வரும். போலீஸ் கேஸ்ல 48 மணி நேரத்துக்கு மேல கஸ்டடியில இருந்தா தானாவே சஸ்பெண்ட் ஆன கணக்கு. சார்ஜ் மெமோவே (என்ன குற்றச்சாட்டுன்னு எழுதித் தர்ற நோட்டீஸ்) குடுக்காம மூணு மாசத்துக்கு மேல சஸ்பென்ஷன இழுக்கக் கூடாதுன்னு 2015ல அஜய் குமார் சௌத்ரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, ஆனா அதைக் காட்டி நாம மனு போட்டாத்தான் ஃபைல் நகரும், எல்லாக் கேஸ்லயும் அப்படியே கெடைச்சிடும்னும் நெனச்சுக்காதீங்க.

இப்ப மெமோ விஷயம். ஸ்டாஃப் ரூம்ல "அவருக்கு செவன்டீன் ஏ வந்திருக்கு, இவருக்கு செவன்டீன் பி வந்திருக்கு"ன்னு காய்ச்சல் பேரு மாதிரி பேசிப்பாங்க. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள்ல 17வது விதி அது. தமிழ் ஆர்டர்ல 17(அ), 17(ஆ)ன்னு இருக்கும், சஸ்பென்ஷன் 17(உ). 17 ஏ சின்ன தண்டனைக்கு, விளக்கம் கேப்பாங்க, எழுதிக் குடுக்கணும், கண்டனமோ கொஞ்ச நாள் இன்கிரிமெண்ட் கட்டோ அதோட முடிஞ்சிடும். 17 பி தான் பெருசு, குற்றச்சாட்டு தனியா, அதுக்கு ஆதாரமான பேப்பர் லிஸ்ட் தனியா, சாட்சி லிஸ்ட் தனியான்னு வரும், விசாரணை அலுவலர் போடுவாங்க, கடைசியில பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, ரிமூவல், டிஸ்மிஸல் வரைக்கும் போகலாம். ரிமூவல் ஆனவங்களுக்கு மறுபடி அரசு வேலைக்கு வழி இருக்கு, டிஸ்மிஸ் ஆனா பொதுவா அந்தக் கதவும் மூடிடும். 17 பி நிலுவையில இருந்தாலே ப்ரமோஷன் பேனல்ல பேரு ஏறாது, நிறைய பேரு தண்டனைய விட இதுலதான் நொந்து போறாங்க.

இன்கிரிமெண்ட் கட்லயே ரெண்டு ரகம் இருக்குக்கா, ஆர்டர்ல ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம். "திரண்ட பயனின்றி"ன்னா ஒரு வருஷம் கழிச்சு பழைய எடத்துக்கு வந்துடலாம். "திரண்ட பயனுடன்"னா போன இன்கிரிமெண்ட் போனதுதான், ரிட்டயர்மெண்ட் வரைக்கும் மாசா மாசம் சம்பளத்துல கொறையும். அதனால இந்த ரெண்டாவது ரகத்த முழு விசாரணை இல்லாம குடுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

இப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர் கதைய சொல்றேன், ஊரு பேரெல்லாம் வேணாம். மதிய இடைவேளையில ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தன் வராண்டாவுல ஓடி விழுந்து முன்பல்லு உடைஞ்சு போச்சு, அப்பா வந்து சத்தம் போட்டாரு. ஹெச்.எம் இவங்கள கூப்பிட்டு "ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடும்மா, இங்கயே முடிச்சுக்கலாம்"னாரு. இவங்களும் பயத்துல "என் கவனக்குறைவால் நடந்துவிட்டது, மன்னிக்கவும்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. உண்மை என்னன்னா அந்த நேரத்துல இவங்க ஹெச்.எம் ரூம்லயே, அவரு சொல்லித்தான், எமிஸ்ல (பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவு) என்ட்ரி போட்டுட்டு இருந்தாங்க! அது அந்த லெட்டர்ல ஒரு வரி கூட இல்ல. மூணு மாசம் கழிச்சு 17 பி வந்துச்சு, ஆதார லிஸ்ட்ல மொத பேப்பரே இவங்க கைப்பட எழுதின அந்த மன்னிப்பு லெட்டர். அதோட விடல, 17 பி மெமோவுல "வாய்மொழி விசாரணை வேண்டுமா, நேரில் கேட்கப்பட விரும்புகிறீர்களா"ன்னு ஒரு கேள்வி இருக்கும், இவங்க "தேவையில்லை"ன்னு எழுதறதுக்குப் பேனாவ எடுத்துட்டாங்க, கேட்டா சீக்கிரம் முடியட்டும்னுதானாம். நல்லவேளை கூட இருந்த சீனியர் சார் கையப் புடிச்சு நிறுத்தினாரு. விசாரணைல எமிஸ் விஷயத்த சொல்ல முடிஞ்சுது, ஒரு வருஷ இன்கிரிமெண்ட், திரண்ட பயனின்றி, அதோட போச்சு. நியாயமா பாத்தா அதுவும் வந்திருக்கக் கூடாது.

நான் இத்தன வருஷமா பாத்ததுல, தப்பே பண்ணாதவங்க மாட்டிக்கறது பெரும்பாலும் இந்த மொத பேப்பர்லதான். வாத்தியாருங்க மத்தவங்க பேப்பர திருத்தியே பழகினவங்க, தன் பேப்பர எழுதறப்ப மட்டும் கோபமா பத்துப் பக்கம் எழுதுவாங்க, இல்லன்னா ரெண்டு வரி மன்னிப்பு. ரெண்டுமே ஆகாது. மெமோல குடுத்த கெடுவுக்குள்ள, தேதியோட, நேரத்தோட, நடந்தது மட்டும். அவங்க சொல்ற டாக்குமெண்ட் கையில இல்லன்னா மொதல்ல காப்பி கேட்டு ஒரு லெட்டர், நாம குடுத்த எல்லாத்துக்கும் ஆபீஸ் தபால் பிரிவுல வாங்கிக்கிட்டோம்னு ஒப்புதல் சீல். விசாரணை முடிஞ்சதும் அந்த ரிப்போர்ட் காப்பிய குடுத்து பதில் கேட்டுட்டுத்தான் தண்டனைக்குப் போகணும், 1993ல கருணாகர் கேஸ்ல வந்த தீர்ப்பு, குடுக்கலன்னா எழுதிக் கேக்கணும்.

இவ்ளோ படி ஏன்னா அரசியலமைப்பு 311வது பிரிவு. நியமிச்ச அதிகாரிக்குக் கீழ இருக்கறவங்க டிஸ்மிஸ் பண்ண முடியாது, விசாரணை இல்லாம எடுக்கவும் முடியாது. விதிவிலக்கு இருக்கு, கிரிமினல் கோர்ட்ல தண்டனை ஆனா தனியா விசாரணை தேவையில்ல. இன்னொன்னு, கிரிமினல் கேஸும் டிபார்ட்மெண்ட் விசாரணையும் ஒரே சமயத்துல நடக்கலாம், கோர்ட்ல விடுதலை ஆயிட்டேன் அதனால வேலை தானா வந்துடும்னு இருக்க முடியாது, ஏன்னா டிபார்ட்மெண்ட்ல அவ்ளோ கறாரான ஆதாரம் தேவையில்ல.

மாமன் ஸ்கூல் டீச்சர் கேஸ் என்னன்னு எனக்குத் தெரியாது, ஆனா பாப்பா எதுல எல்லாம் கை வைக்கவே கூடாதுன்னு சொல்றேன். அடிக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009ல 17வது பிரிவு அடி, மன உளைச்சல் ரெண்டையும் தடை பண்ணுது, மீறினா ஒழுங்கு நடவடிக்கைன்னு சட்டத்துலயே இருக்கு (இதுவும் 17தான், பாருங்க). "எங்க காலத்துல முட்டி போட வெச்சாங்க, நல்லாத்தான இருக்கோம்"னு நீங்களே வீட்டுல சொல்லிக் குடுத்துடாதீங்க. அதே சட்டத்துல 28வது பிரிவு, ப்ரைவேட் டியூஷன் எடுக்கக் கூடாது, வீட்டுலயும்தான். அடுத்தது போக்சோ, கொழந்தைங்கள பாலியல் குற்றத்துலேர்ந்து காப்பாத்தற சட்டம். ஒரு கொழந்தை வந்து ஏதாவது சொன்னா, அது கூட வேலை பாக்கற ஆளா இருந்தாலும், ஹெச்.எம் "ஸ்கூல் பேரு கெட்டுடும், விடு"ன்னாலும், போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லாம மறைச்சா மறைச்சவங்களுக்கே ஜெயில் தண்டனை இருக்கு. இதுல பாப்பா தயங்கவே கூடாது.

ஸ்ட்ரைக்கும் இருக்கு. 2003 ஜூலையில வேலைநிறுத்தம் பண்ணின அரசு ஊழியர், ஆசிரியர்னு லட்சத்துக்கு மேல ஒரே அடியா டிஸ்மிஸ் ஆனாங்க, ரங்கராஜன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் பண்ற உரிமையே இல்லன்னு சொல்லுச்சு, மன்னிப்பு எழுதிக் குடுத்துத்தான் பெரும்பாலானவங்க திரும்ப உள்ள போனாங்க. அந்தத் தீர்ப்புல எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா நடைமுறை அதுதான். சங்கத்துல சேரட்டும், சேரணும், மெமோ வந்த அன்னிக்கு மொதல்ல போன் எடுக்கறது சங்கத்துக்காரங்கதான்.

ஒரு விஷயத்த மட்டும் உடைச்சே சொல்லிடறேன். இந்தப் பாதுகாப்பெல்லாம் ரெகுலர் போஸ்டிங்குக்குத்தான். எஸ்.எம்.சி (பள்ளி மேலாண்மைக் குழு) மூலமா தொகுப்பூதியத்துல போறதுக்கு 311ம் இல்ல 17 பியும் இல்ல, வருஷம் முடிஞ்சா "வரவேணாம்"னு சொல்லிட்டா அவ்ளோதான். அனுபவத்துக்குப் போகட்டும், ஆனா அதையே நம்பி டி.ஆர்.பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) எக்ஸாம விட்டுடக் கூடாது.

அப்புறம் போலீஸ் வெரிஃபிகேஷன். பாப்பா காலேஜ்ல ஏதோ மறியல்ல கேஸ் ஆச்சுன்னு மெசேஜோட கடைசில மெதுவா சொன்னீங்களே, உங்க நிஜமான பயம் அதுதான்னு நெனைக்கறேன். ஃபார்ம்ல கேட்டா மறைக்கவே கூடாது. 2016ல அவ்தார் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதைப் பத்தி விவரமா சொல்லிருக்கு, சின்ன கேஸா இருந்து உண்மைய எழுதியிருந்தா அதிகாரி பரிசீலிக்க எடம் இருக்கு, மறைச்சு பின்னாடி தெரிஞ்சா அந்த மறைச்சதுக்காகவே வேலை போகலாம். அந்த எஃப்.ஐ.ஆர் நம்பர், கேஸ் முடிஞ்சுதா நிலுவையா, முடிஞ்சிருந்தா ஆர்டர் காப்பி, இத ஸ்டேஷன்லயும் கோர்ட்லயும் இப்பவே வாங்கி ஃபைல்ல போடுங்க, போஸ்டிங் வர்ற நேரத்துல ஓடினா கெடைக்காது. வாங்கினதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க, ஃபார்ம்ல எந்த வார்த்தைல எழுதறதுன்னு பாப்பாவோட உக்காந்து பாத்துக்கலாம்.