நிற்கத் தெரிந்த வண்டி

போன இதழில் அமெரிக்க போலீஸ் ஓட்டும் ஹார்லி டேவிட்சன் பைக் பற்றி போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை முழுக்க அதுதான். மைலேஜ் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

அமெரிக்காவில் போலீஸ் ஏன் எருமை மாதிரி கனமான ஹார்லியையும் பிஎம்டபிள்யூவையும் வாங்குகிறது? ஒரு சூப்பர் பைக் வாங்கிக் கொடுத்தால் எவனும் தப்பிக்க முடியாதே? (திருப்பூர் வாசகர்)

துரத்துவதற்காகத்தான் பைக் வாங்குகிறார்கள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். துரத்தல் வந்தால் ரேடியோவில் அடுத்த வண்டிக்குச் சொல்லிவிடுவார்கள், பெரிய நகரமென்றால் மேலே ஹெலிகாப்டரும் வரும். ரோந்து பைக்கின் எட்டு மணி நேரத்தை யோசித்துப் பாருங்கள். பாதி நேரம் அது நின்றுகொண்டிருக்கும், அதுவும் எஞ்சின் ஓடிக்கொண்டே, விளக்கு சுழன்றுகொண்டே, ரேடியோ பேசிக்கொண்டே, உச்சி வெயிலில். மீதி நேரத்தில் ஊர்வலத்துக்கு முன்னால் நடை வேகத்தில் ஊர்ந்து போகும். சூப்பர் பைக்குக்கு இந்த இரண்டுமே ஆகாது.

சூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்லியின் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் ‘வி’ எழுத்து மாதிரி முன்னும் பின்னுமாக நிற்கும் (வி-ட்வின்). அதில் பின் சிலிண்டர் ஓட்டுபவரின் தொடைக்குக் கீழேயே இருக்கிறது, நின்றால் காற்றும் இல்லை. அதற்காகவே சூடு ஏறியதும் ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது, பின் சிலிண்டரை மட்டும் அணைத்துவிட்டு முன் சிலிண்டரில் துடித்துக்கொண்டு நிற்க ஒரு வசதி வைத்தார்கள். பந்தய வண்டி செய்பவனுக்கு இப்படி ஒரு யோசனையே வராது, ஏனென்றால் அவன் வண்டி நிற்பதே இல்லை.

அடுத்தது கரண்ட். சைரன் ஒன்றே நூறு வாட் கேட்கும், அதற்கு மேல் விளக்குகள், ரேடியோ. பிஎம்டபிள்யூ ஆர்1250ஆர்டி மாதிரி பெரிய வண்டியில் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரே 500 வாட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் தரும், அதுவும் எஞ்சின் நல்ல சுற்றில் ஓடும்போது. ஐட்லிங்கில் அவ்வளவு வராது. அதனால்தான் அதன் போலீஸ் வடிவத்தில் இந்தச் சாமான்களுக்கென்று தனியாக இரண்டாவது பேட்டரி இருக்கிறது. இதன் அருமை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்த் தேருக்கு முன்னால் என் பழைய பைக்கில் இரண்டு கூடுதல் விளக்கை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஊர்ந்தேன். தேர் நிலைக்கு வந்துவிட்டது, என் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. வடம் பிடித்துக் களைத்த ஆட்களே அதையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பார்கள்? ஷோரூமில் நாம் ஒரு ரவுண்டு அடிப்பது மாதிரியா? (காரைக்குடி வாசகி)

நாம் அடிக்கும் ரவுண்டு வண்டியின் வாசனை பிடிக்க மட்டும்தான், அம்மா. அமெரிக்காவில் மிச்சிகன் மாநில போலீசும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஷெரிஃப் துறையும் ரோந்து வண்டிகளைப் பல வருடங்களாகச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்திருக்கின்றன, பைக்குகளும் அதில் உண்டு. எத்தனை நொடியில் வேகம் எடுக்கிறது, பிரேக் பிடித்தால் எத்தனை அடியில் நிற்கிறது, பந்தயத் தடத்தில் ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்று எல்லாம் இருக்கும். சிறிய ஊர்ப் போலீசுக்குச் சொந்தமாகச் சோதிக்கக் காசு ஏது, இதைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் உண்மையான பரீட்சை பயிற்சி மைதானத்தில் வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. முந்நூற்றைம்பது கிலோவுக்கு மேல் இருக்கும் ஹார்லியை ஆட்டோ திரும்புகிற இடத்துக்குள் கால் ஊன்றாமல் வளைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, நம்மூர் டிரைவிங் ஸ்கூலில் செய்யாதே செய்யாதே என்று திட்டுவார்களே, அதே அரை கிளட்ச், அதாவது லீவரைப் பாதி பிடித்துப் பாதி விட்டபடி ஓட்டுவது. நாள் முழுக்க அரை கிளட்ச், கூடவே பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி. ஹார்லியிலும் பழைய போலீஸ் கவாசாகியிலும் கிளட்ச் எண்ணெயில் நனைந்தபடி இருக்கும், தாங்கும். பிஎம்டபிள்யூவின் பழைய ஆர்டி வண்டிகளில் ஒற்றைத் தட்டு உலர் கிளட்ச். நெடுஞ்சாலையில் அருமையான வண்டி, கூம்புக்கு நடுவில் விட்டால் கருகல் வாடை அடிக்கும். 2014 மாடலில் எஞ்சினுக்கு நீர்க் குளிர்விப்பு கொடுத்தபோது கிளட்சையும் எண்ணெய்க்குள் கொண்டுவந்தார்கள். இந்த மாதிரி விஷயம் வேக அட்டவணையில் ஒரு வரியிலும் தெரியாது.

இன்னொன்று, சாமான் ஏற்றாமல் சோதிப்பது சோதனையே இல்லை. பிரிட்டனில் ஹோண்டா எஸ்டி1300 பான் யூரோப்பியன் பல காவல்படைகளின் செல்ல வண்டியாக இருந்தது. பக்கவாட்டுப் பெட்டிகளும் பின் பெட்டியுமாக அதிவேகத்தில் போகும்போது வண்டி பாம்பு மாதிரி நெளிகிறது என்று ஓட்டியவர்கள் புகார் சொன்னார்கள். காவலர் ஒருவரின் மரணம் பற்றிய விசாரணைக்குப் பிறகு 2007ல் அந்த வண்டிகளைப் பல படைகள் ஓரங்கட்டின. சரி, அப்படியானால் எல்லாவற்றையும் பிஎம்டபிள்யூ ஆக்கிவிடலாம் என்று நினைத்தால் அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. 2014ல் புது ஆர்1200ஆர்டியின் பின் ஷாக் அப்சார்பரில் கோளாறு என்று கம்பெனியே ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டது. ஒரே மாடலை மட்டும் வாங்கி வைத்திருந்தால் அன்றைக்கு மொத்த ரோந்தும் நடைதான்.

நம் நாட்டிலும் ஹார்லி வாங்கினார்களே, அது வீண் செலவா? (சேலம் வாசகர்)

கொல்கத்தா போலீசும் குஜராத் போலீசும் வாங்கியது ஹார்லி ஸ்ட்ரீட் 750. வி.ஐ.பி. வண்டிக்கு முன்னால் போக, அணிவகுப்பில் நிற்க, அதற்கெல்லாம் வண்டி கம்பீரம்தான். ஆனால் 2020 செப்டம்பரில் ஹார்லி இங்கே உற்பத்தியை மூடுவதாக அறிவித்தது, ஹரியானா பாவல் ஆலையில் செய்த ஸ்ட்ரீட் மாடலும் அதோடு போயிற்று. விற்பனையும் சர்வீசும் ஹீரோ கைக்கு வந்தது என்பது ஆறுதல், ஆனாலும் நின்றுபோன மாடலுக்கு ஸ்பேர் தேடுவது எப்படியிருக்கும் என்று சேலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் டெண்டரில் குறைந்த விலை போட்டவருக்கு என்று முடிந்துவிடும். வாங்கும் விலையைவிட, பத்து வருடத்தில் அது தின்னும் டயர், பிரேக், லேபர் எவ்வளவு, கடைசியில் விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். செயின் ஒன்றையே பாருங்கள். ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும், தினம் 150 கிலோமீட்டர் ஓடும் ரோந்து வண்டிக்கு அது நாலு நாளைக்கு ஒருமுறை. யார் விடுவார்? பின் சக்கரத்தைச் சுற்ற பிஎம்டபிள்யூவில் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு, ஹார்லியில் பெல்ட் என்பதால் அங்கே அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் நம் ஊர் சந்துக்கு 350 கிலோவை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த வண்டியே நமக்கு நல்ல ரோந்து வண்டி.

எலெக்ட்ரிக் பைக் போலீசுக்குச் சரிவருமா? (கோவை வாசகர்)

மேலே சொன்ன நிற்கிற கணக்கில் அதற்கு முதல் இடம். நின்றால் எஞ்சினே ஓடாது, தொடை வேகாது. கலிபோர்னியாவில் தொடங்கிய ஜீரோ நிறுவனம் போலீசுக்கென்றே மாடல் செய்கிறது. பூங்கா, கடற்கரை, பல்கலைக்கழக வளாகம் மாதிரி இடங்களுக்குச் சத்தமில்லாமல் போகலாம், பின்னால் வந்து நிற்பது தெரியாது. நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினால் சார்ஜ் கரையும், ஷிப்ட் மாறும்போது வண்டி சார்ஜில் நிற்கும், அடுத்த ஆள் அதையே எடுக்க முடியாது. ஒரு வண்டி போதும் என்ற இடத்துக்கு ஒன்றரை வண்டி வாங்கத் துறை தயாரா என்பதுதான் கேள்வி.

ஏலத்தில் கழித்த போலீஸ் பைக் மலிவாக வருகிறது. மீட்டரில் 38,000 கிலோமீட்டர்தான். எடுக்கலாமா? (விருதுநகர் வாசகர்)

மீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது உருண்ட தூரத்தை மட்டும் எண்ணும், சிக்னலில் நின்றபடி எஞ்சின் ஓடிய மணி நேரம் அதில் ஏறாது. நீங்கள் பார்ப்பது 38,000, எஞ்சின் உழைத்தது அதைவிட நிறைய இருக்கலாம். எடுக்குமுன் நீங்களும் அதையே செய்து பாருங்கள். ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் அப்படியே நிற்க விடுங்கள், ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். புகை வருகிறதா, ஐட்லிங் தடுமாறுகிறதா, சிலிண்டர் ஹெட் பக்கம் டிக்டிக் சத்தம் கூடுகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் கிளட்சை மெதுவாக விட்டுப் பாருங்கள், லீவரின் கடைசி முனையில் வந்துதான் பிடிக்கிறது என்றால் புது கிளட்ச் தட்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். விளக்கு, சைரன் மாட்டியிருந்த இடத்தில் வயரை அறுத்து டேப் சுற்றி விட்டிருப்பார்கள், சீட்டைக் கழற்றி அதையும் பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியென்றால், ஏலக் கடிதமும் ஆர்சி புத்தகமும் கையில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.