‘ரேஜிங் புல்’ படத்தில் இன்னும் என்ன இருக்கிறது? குன்னூரில் திரையிடலாமா?

கேள்வி: குன்னூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் போடுகிறோம். தகரக் கூரை ஹால், சாதாரண புரொஜெக்டர். அடுத்து ‘ரேஜிங் புல்’ போடலாம் என்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம், நாயகன் மனைவியை அடிப்பவன், ஜெயித்துக் காட்டும் கதையும் இல்லை. நாற்பது வருடம் தாண்டியும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

பதில்: தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் இந்தப் படத்தின் பாதி உயிர் போய்விடும். தை, மாசியில் வையுங்கள். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. மழைச் சத்தத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது.

1980-ல் மார்ட்டின் ஸ்கார்செசி எடுத்த படம் இது. ஜேக் லமோட்டா என்ற நிஜ மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) குத்துச்சண்டை சாம்பியனின் வாழ்க்கை. ஓடும் நேரம் 129 நிமிடம். அதில் ரிங்குக்குள் நடக்கும் சண்டை எல்லாம் சேர்த்தே பத்து நிமிடத்தைச் சுற்றித்தான் வரும். ஆனாலும் படம் பார்த்தவர்களுக்கு இரண்டு மணி நேரமும் அடிபட்டது போலிருக்கும். அதற்கு முதல் காரணம் காது. ஒலியமைத்த ஃபிராங்க் வார்னர் முலாம்பழத்தையும் தக்காளியையும் நசுக்கிக் குத்துச் சத்தம் உண்டாக்கினார். கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில் விலங்குகளின் குரலைக் கலந்தார். பிறகு யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாதென்று அந்த ஒலிநாடாக்களை அழித்தும் விட்டார்.

அதைவிட முக்கியம், சத்தம் இல்லாத இடங்கள். 1951 பிப்ரவரி 14, சிகாகோ. லமோட்டாவின் பரம எதிரியான குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சனோடு ஆறாவது, கடைசி மோதல். பதின்மூன்றாவது ரவுண்டில் லமோட்டா கயிற்றில் கைகளைப் போட்டுக்கொண்டு, வா, அடி என்று நிற்கிறான். திடீரென்று கூட்டம், பெல், எல்லாம் அடங்கிவிடுகிறது. ராபின்சனைச் சுற்றி வெளிச்சம் மங்குகிறது. மூச்சுச் சத்தம் மட்டும். அந்தச் சில நொடிகள் நெஞ்சை அடைக்கும். அதற்குப் பிறகுதான் குத்துகள் மழையாக விழுகின்றன, ஒவ்வொன்றும் தனித்தனி வெட்டாக. ரெஃபரி சண்டையை நிறுத்திய பிறகும் லமோட்டா விழவில்லை. நீ என்னை வீழ்த்தவே இல்லை என்று ராபின்சனிடம் போய்ச் சொல்கிறான். கேமரா அவனை விட்டுவிட்டுக் கயிற்றோடு நகர்ந்து, அதிலிருந்து சொட்டும் ரத்தத்தில் நிற்கிறது. கறுப்பு வெள்ளை என்பதால் அந்த ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பே போதுமாக இருந்தது.

டிவியில் குத்துச்சண்டை பார்க்கும்போது நாம் கயிற்றுக்கு வெளியே இருக்கிறோம். ஸ்கார்செசி, ஒளிப்பதிவாளர் மைக்கேல் சாப்மேன் இருவரும் பெரும்பாலும் கேமராவைக் கயிற்றுக்கு உள்ளேயே வைத்தார்கள். ரிங்கின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். லமோட்டாவின் மனம் எப்படியோ, ரிங்கும் அப்படி. ஒரு சண்டையில் லென்ஸுக்கு முன்னால் நெருப்பு வைத்து, அனலில் உருவங்கள் நெளியும்படி எடுத்தார்கள். தெல்மா ஸ்கூன்மேக்கர் இந்தப் படத்தின் எடிட்டிங்குக்கு ஆஸ்கர் வாங்கினார். சண்டைகளைப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.

இதே முறையை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான் இந்தப் படத்தின் ஆயுள் ரகசியம் என்பேன். மனைவி விக்கியைச் சுற்றி வேறு ஆண்கள் இருக்கும் இடங்களைக் கவனியுங்கள். அவன் பார்வை மட்டும் ஸ்லோ மோஷனில் போகும். அவள் சாதாரணமாகத்தான் பேசுகிறாள், சந்தேகம்தான் அதை நீட்டுகிறது. பிறகு அந்த டிவி காட்சி. பட்டம் வாங்கியாகிவிட்டது, தொப்பை விழுந்துவிட்டது. கையில் சாண்ட்விச்சோடு படம் வராத டிவியை நோண்டிக்கொண்டே, கூடப் பிறந்த தம்பி ஜோயியிடம் அவனையும் விக்கியையும் சேர்த்து, எந்த அண்ணனும் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கிறான். யாரும் கத்தவில்லை. டிவியின் இரைச்சல் மட்டும் ஓடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, தடுக்கத்தான் முடியவில்லை. படம் அவன் செய்வதை எங்கும் நியாயப்படுத்துவதில்லை, ஆனால் அவன் தலைக்குள்ளிருந்து நம்மை வெளியே விடுவதும் இல்லை. நாயகன் கெட்டவன் என்ற உங்கள் தயக்கத்துக்கு என் பதில் இதுதான்.

லமோட்டாவாக நடித்த ராபர்ட் டி நீரோ சுமார் 27 கிலோ ஏற்றியதை எல்லோரும் சொல்வார்கள். அதற்காகப் படப்பிடிப்பை மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். எடையைவிட அவர் மூச்சைக் கேளுங்கள். சண்டையை விட்ட பிறகு வரும் மியாமி காட்சிகளில் சும்மா பேசும்போதே இரைக்கிறது.

வெலிங்டன் பக்கத்து ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்களில் குத்துச்சண்டை தெரிந்தவர்கள் வந்தால், யாரும் இப்படி முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அடி வாங்க மாட்டார்கள் என்பார்கள். சரிதான். நிஜ லமோட்டா குனிந்து, குத்தோடு சேர்ந்து தலையைத் திருப்பி வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவர். 1943 பிப்ரவரி 5-ல் ராபின்சனுக்கு முதல் தோல்வியைக் கொடுத்தவரே அவர்தான். அதே மாதம் 26-ம் தேதி ராபின்சன் திருப்பிக் கொடுத்தார். ஜோயி பாத்திரத்திலும் நிஜத் தம்பியோடு பீட் சாவேஜ் என்ற நண்பரும் கலந்திருக்கிறார்.

இனி உங்கள் ஹால். குளிரில் கொண்டுவந்த புரொஜெக்டரை ஆட்கள் நிறைந்த அறையில் உடனே ஆன் செய்யாதீர்கள். லென்ஸில் ஈரம் படிந்து படம் மங்கும். அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். பட அமைப்பில் ‘சினிமா’ மோடு வையுங்கள். ‘டைனமிக்’கில் சாம்பல் நிறம் நீலம் பாயும். அந்த நீலத்தைப் போக்கச் சிலர் கலரைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிடுவார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். கல்யாணம், நீச்சல்குளம், குழந்தைகள் என்று வீட்டில் எடுத்த பிலிம் போல ஒரு பகுதி கலரில் வருகிறது, படத்தில் அவர்கள் சந்தோஷமாக இருப்பது அங்கேதான். அதுவும் கறுப்பு வெள்ளையாகிவிடும். அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்லோ மோஷன் கெடும். ஒலியில் ‘நைட் மோடு’ கூடாது. அது சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும். அப்புறம் பதின்மூன்றாவது ரவுண்டு மௌனத்துக்கு அர்த்தமே இல்லை.

சப்டைட்டில் கட்டாயம் வேண்டும், ஜோயியாக வரும் ஜோ பெஸ்கி பேசுகிற வேகம் அப்படி. வசையும் வீட்டு வன்முறையும் நிறைய, சிறுவர்களை அழைக்காதீர்கள். ஃபிளாஷ் பல்ப் வெளிச்சம் அடிக்கடி வெட்டும், வலிப்பு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டீக்கு நிறுத்துவதென்றால் 1949-ல் அப்போதைய சாம்பியன் மார்செல் செர்தானை வென்று பட்டம் வாங்கும் சண்டை முடிந்ததும் நிறுத்துங்கள். அடுத்து வருவது டிவி காட்சி. கடைசி ஆளும் டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.