கை இறுகும் காலத்தில் சேவை நிறுவனம் நடத்துவது: கேள்வி பதில்

கேள்வி: நன்கொடை குறையத் தொடங்கிவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

ஆண்டு பட்ஜெட்டை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த 13 வாரத்துக்கு வாரவாரியாக வரவு செலவுத் தாள் போடுங்கள். 13 வாரம் என்றால் ஒரு காலாண்டு. மூன்று மாதச் சம்பளமும் வாடகையும் அதற்குள் வந்துவிடும். கையெழுத்தாகித் தேதியும் உறுதியான பணத்தை மட்டும் வரவில் எழுதுங்கள். ‘தருவதாகச் சொன்னார்’ வகையறா தனிப் பத்தியில் இருக்கட்டும். செலவு செய்து கணக்குக் கொடுத்த பிறகு வரும் மானியமா? பில் அனுப்பும் தேதியைப் போடாதீர்கள். போன தடவை எத்தனை நாள் இழுத்தார்களோ அதைக் கூட்டிப் போடுங்கள். பெரும்பாலான தாள்கள் பொய்யாவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: வங்கியில் 30 லட்சம் இருக்கிறது. மாதச் செலவு 5 லட்சம். ஆறு மாதம் தாங்கும்தானே?

அந்த 30-இல் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்றே வந்தது எவ்வளவு? 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திட்டம் மாதம் 1.5 லட்சம் தின்கிறது. மற்ற வேலைகளுக்கு மிஞ்சுவது 12 லட்சம். அதில் கொடுக்க வேண்டிய பாக்கி 1.5 போனால் 10.5, மாதச் செலவு 3.5. ஆக, மூன்றே மாதம். திட்டப் பணத்தைச் ‘சும்மா கைமாற்றாக’ எடுத்துச் சம்பளம் போடுவது அடிக்கடி நடக்கிறது. திருப்பி வைக்கப் பணம் வராவிட்டால் தணிக்கையில் மாட்டுவீர்கள், கொடுத்தவரும் கைவிடுவார். நிபந்தனையைத் தளர்த்தித் தரும்படி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கேட்டால் இசைபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எல்லாத் திட்டத்திலும் 10 சதவீதம் வெட்டினால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காதே?

மனத்தாங்கல் இருக்காது, எந்தத் திட்டமும் உருப்படியாகவும் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் முழுச் செலவைக் கணக்கிடுங்கள். ஒரு திட்டத்துக்கு மானியம் 10 லட்சம், நேரடிச் செலவு 9. ஒரு லட்சம் மிச்சம் போலத் தெரியும். வாடகை, கணக்கர், மேலாளர் என்று பொதுச் செலவு 6 லட்சம். மொத்தம் 12 பணியாளரில் 4 பேர் இதில் இருந்தால் இதன் பங்கு 2 லட்சம். உண்மையில் ஒரு லட்சம் நட்டம்.

உடனே இழுத்து மூடிவிடாதீர்கள்! மூடினால் வாடகை தானாகக் குறையாது. அந்த 2 லட்சம் மற்ற திட்டங்களின் தலையில் விழும். பொதுச் செலவைத் தாங்கிய ஒரு லட்சமும் போய்விடும். இடத்தைச் சுருக்கவோ பொதுப் பணியிடத்தைக் குறைக்கவோ முடிந்தால்தான் மூடுவதில் லாபம். கூடவே ஒன்றைப் பாருங்கள்: இந்த உதவி அந்த மக்களுக்கு வேறெங்காவது கிடைக்குமா? கிடைக்காதென்றால் நட்டத்தோடு நடத்தலாம், எவ்வளவு நட்டம், எத்தனை மாதம் என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டுவிட்டு.

கேள்வி: ஆட்குறைப்பா, சம்பளக் குறைப்பா?

பணம் தாமதம்தான், வந்துவிடும் என்றால் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் சேர்த்துக் குறைக்கலாம், தலைமையிலிருந்து தொடங்குங்கள். வேலை அப்படியே இருக்கச் சம்பளம் மட்டும் குறைந்தால், வெளியே வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகள் முதலில் போவார்கள். வருமானம் நிரந்தரமாகப் போய்விட்டதா? ஒரே தடவையில் செய்து முடியுங்கள். மாதம் இருவராக அனுப்பினால் மீதிப் பேர் அடுத்தது யாரென்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கணக்கரையும் நிதி திரட்டுபவரையும் கடைசி வரை தொடாதீர்கள்.

கேள்வி: நெருக்கடியைச் சொன்னால் நன்கொடையாளர்கள் ஓடிவிட மாட்டார்களா?

புலம்பினால் ஓடுவார்கள். பற்றாக்குறை இவ்வளவு, நாங்கள் குறைத்தது இவ்வளவு, உங்கள் பணத்தால் இந்தப் பணி இத்தனை மாதம் தொடரும் என்று எண்ணோடு சொல்லுங்கள். பெரிய தொகை தரும் 20 பேருக்குத் தலைவரே போன் செய்யட்டும்.

கேள்வி: இன்னொரு நிறுவனத்தோடு இணையலாமா?

கையிருப்பு இருக்கும்போதே பேசுங்கள், மாதக்கணக்கில் இழுக்கும். முதல் சந்திப்பிலேயே இரு தரப்பின் கடன், பணியாளர்களுக்குத் தர வேண்டிய பாக்கி, வாடகை ஒப்பந்தக் காலம், மானியங்களை மாற்றித் தர இயலுமா என்ற நிபந்தனை ஆகியவற்றை மேசையில் வையுங்கள்.