வாசகர் கேள்வி – பதில்: பொய்யிரை இறாலும் கழிமுக மீன்களும்

கேள்வி: பார்வைக்கு உயிருள்ள இறாலைப் போலவே இருக்கும் மென்பிளாஸ்டிக் இறாலை வாங்கிப் பல நாட்களாகக் கழிமுகத்தில் வீசிப் பார்க்கிறேன். வீசியதும் சீரான வேகத்தில் சுற்றி இழுக்கிறேன். ஒரு மீனும் கடிப்பதில்லை. வேறு நிறத்தில் வாங்க வேண்டுமா?

பதில்: நிறத்தை விட்டுவிடுங்கள், முதலில் மாற வேண்டியது நீங்கள் இழுக்கும் விதம். அச்சமின்றி இருக்கும் இறால், கால்களால் சேற்றில் நடக்கும் அல்லது வயிற்றுக்கடியில் உள்ள நீந்துகால்களை அசைத்து மெதுவாக முன்னேறும். மீன் நெருங்கியதும் வாலை வயிற்றை நோக்கிப் படாரென மடித்துப் பின்புறமாகப் பாயும். சில பாய்ச்சல்களில் களைத்து மெல்ல அடியை நோக்கி இறங்கும். அந்த இறக்கத்தில்தான் மீன் அதைக் கவ்வுகிறது. நடுநீரில் ஒரே சீராக விரைந்து செல்லும் இறால் இயற்கையில் இல்லை என்பதால், நீங்கள் காட்டுவது மீனுக்கு இரையாகத் தோன்றவில்லை.

ஆகவே, வீசிய பின் பொய்யிரை அடியைத் தொடும்வரை பொறுத்திருங்கள். தொட்டதும் தூண்டில் நரம்பு (இழை) தளர்வதைக் காணலாம். பிறகு கோலின் நுனியை இரண்டு முறை சுண்டி உயர்த்தி, மீண்டும் இறங்க விடுங்கள். இறங்கும்போது நரம்பை விறைப்பாகப் பிடித்தால் இறால் ஊசலைப் போல உங்களை நோக்கி வந்துவிடும். முழுவதும் தளர்த்தினாலோ கடி தெரியாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைக் கை பழகச் சில நாட்களாகும், ஆனால் இந்தத் தூண்டில்முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கொடுவா போன்ற மீன்கள் வாயைத் திடீரெனத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகின்றன. ஏமாந்தது தெரிந்தால் அதே வேகத்தில் உமிழ்ந்தும் விடுகின்றன. நரம்பில் மெல்லிய 'டக்' என்ற அதிர்வோ, நரம்பு பக்கவாட்டில் நகர்வதோ, அடியை எட்டுமுன்பே இறக்கம் நின்றுபோவதோ தெரிந்தால், அடுத்த கணமே கோலைத் தூக்குங்கள்.

தூண்டில் முள்ளோடு சேர்ந்த ஈயத்தலையின் எடையும் இந்த இறக்கத்துக்கு முக்கியம். ஆழமும் நீரோட்டமும் குறைவான இடத்தில் 3 முதல் 5 கிராம் போதும். ஓட்டம் மிகுந்தால் 10 கிராம் வரை தேவைப்படலாம். அடியைத் தொட்டதை உணரக்கூடிய அளவில், எவ்வளவு குறைந்த எடை போதுமோ அதையே தேர்ந்தெடுத்தால் இறக்கம் மெதுவாகும், மீனுக்கு அவகாசமும் கிடைக்கும். பொய்யிரையை முள்ளில் கோணலாகக் கோத்தால் அது சுழன்று நரம்பையும் முறுக்கிவிடும்.

இடத்தைப் பற்றி ஒன்று: ஓதம் (கடலேற்றம்) வடியும் நேரத்தில் கண்டல் மரங்களுக்கிடையே ஒதுங்கியிருந்த இறால்கள் நீரோடு வெளியே அடித்துவரப்படுவதால், சிற்றோடைகள் பிரதான வாய்க்காலில் கலக்கும் இடத்தில் மீன்கள் ஓட்டத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கும். ஓட்டத்தின் மேற்புறமாக வீசி, பொய்யிரை நீரோடு இறங்கி வருமாறு செய்யுங்கள்.

இவற்றையெல்லாம் செய்த பிறகு நிறத்துக்கு வரலாம். தெளிந்த நீருக்கு ஒளி ஊடுருவும் வெளிர் நிறமும், கலங்கிய நீருக்கு நிழலுருவம் தெளிவாகத் தெரியும் அடர் நிறமும் பொருந்தும்.

கேள்வி: ஒரே பெட்டியில் போட்டு வைத்த மென்பிளாஸ்டிக் இறால்கள் உருகி ஒட்டிக்கொண்டன. வெயில்தான் காரணமா?

பதில்: வெயில் அதை விரைவுபடுத்தியிருக்கலாம், ஆனால் பொருள்களின் ஒவ்வாமையே பெரும்பாலும் காரணம். பல பொய்யிரைகள் மென்மையூட்டும் எண்ணெய் கலந்த பி.வி.சி.யால் ஆனவை, இழுத்தால் ரப்பரைப் போல மிக நீளும் வகை வேறு பொருளால் ஆனது. இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் இளகிக் கரைந்துவிடும். ஒவ்வொரு வகையையும் அது வந்த உறையிலேயே வையுங்கள். கிழிந்தவற்றைத் தயவுசெய்து நீரில் எறியாதீர்கள். விழுங்கும் மீனால் அவற்றைச் செரிக்க இயலாது. கழுத்துப் பகுதி மட்டும் கிழிந்திருந்தால், ஈரத்தைத் துடைத்துவிட்டு உடனடிப் பசை ஒரு துளி இட்டு ஈயத்தலையோடு ஒட்டிக்கொள்ளலாம்.