ஏசிய சொல்லுக்கு ஜெபம் மட்டும் போதுமா?

கேள்வி: தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அடுத்த காம்பரா (லயன் வீடு) அக்காவை எல்லார் முன்னாலும் "மூளையில்லாதவள்" என்று ஏசிவிட்டேன். ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டால் போதாதா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: போதாது, சகோதரி. மத்தேயு 5:22இல் இயேசு கண்டிக்கும் 'ராக்கா' என்ற அரமேயச் சொல்லும் ஏறக்குறைய இதே ஏச்சுத்தான். அடுத்த இரண்டு வசனங்களில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார். ஆகவே ஞாயிறு ஆராதனைக்கு முன்பே போங்கள்.

"ஏதாவது சொல்லியிருந்தால் மன்னியுங்கள்" என்று மழுப்ப வேண்டாம். அந்த அக்கா பட்ட வேதனையையே அது சந்தேகிக்கிறது. ஏசிய சொல்லைச் சொல்லி, "அது என் பிழை அக்கா" என்பதோடு நிறுத்துங்கள். 'ஆனால்' வந்தால் பழைய சண்டையும் கூடவே வரும். பிறகு தராசடியில், அன்று கேட்டவர்கள் முன்னாலும் ஒருமுறை சொல்லுங்கள். அவர் முகங்கொடுக்காவிட்டால் வற்புறுத்தாமல், காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகையில் வழக்கம்போல் கதையுங்கள்.